திறந்த மருந்துப் போத்தலும் அதிலுள்ள பதனப்பொருளும்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், வளர்ந்தவர்களுக்குப் பதனப்பொருள் என்றால், அதாவது ஒன்று கெட்டுவிடாமல் காக்கச் சேர்க்கும் பொருள் என்றால், என்னவென்று அதிகம் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் வெட்டிய பால், எடைக் கொட்டகைக்கு வந்து சேருவதற்குள் வாளியிலேயே கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காக அம்மாவோ அப்பாவோ அதில் அமோனியாக் கரைசலைச் சிறிது விட்டதை அவர்கள் பார்த்திருப்பார்கள். மரப்பட்டையிலிருந்தும் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலிருந்தும் பாலுக்குள் இறங்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி அதை உறைய வைக்கின்றன. அமோனியா அந்த நுண்ணுயிர்களை அடக்கி, அமிலத்தையும் முறித்து, பாலை நீராகவே வைத்திருக்கிறது. அந்த அமோனியாப் போத்தல் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்ததையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். வாளிக்குள் உதவுகிற பொருள் தொண்டைக்குள் போனால் ஆபத்து. மருந்தில் சேர்க்கப்படும் பதனப்பொருளைப் பற்றிக் கேட்க வேண்டியதும் இதுதான்: எவ்வளவு, எந்த வழியாக, யாருடைய உடம்புக்குள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கின் மருந்துச் சன்னலுக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவன் நான். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்ட கேள்வி, "தம்பி, இதுல கெமிக்கல் கலந்திருக்காமே, பிள்ளைக்குக் குடுக்கலாமா?" என்பதுதான். அப்படிக் கேட்ட ஓர் அம்மா, பேசிக்கொண்டே தம் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கண் சொட்டு மருந்தை எடுத்து, அது தீர்ந்துபோகிறது, இன்னொன்று வேண்டும் என்றார். தீபாவளிக்கு முன்பு திறந்த போத்தல். அப்போது தைப்பூசம் முடிந்திருந்தது. பேரப்பிள்ளையின் சிரப்பில் இருந்த பதனப்பொருள் அவருக்கு அச்சத்தைத் தந்தது. மூன்று மாதமாகத் திறந்தே கிடந்த சொட்டு மருந்து எந்த அச்சத்தையும் தரவில்லை. என் அனுபவத்தில், நம் வீடுகளில் பதனப்பொருளால் வரும் தீங்கைவிட, அதன் வலிமை தீர்ந்த பிறகும் மருந்தைப் பயன்படுத்துவதால் வரும் தீங்குதான் அதிகம். ஆயினும் முதல் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது; சிலருக்கு அது மிகவும் நியாயமானது.

ஏன் சேர்க்கிறார்கள்

1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள பண்டபெர்க் என்ற ஊரில், தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பு மருந்து போடப்பட்ட குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். பலருக்குப் போடும் அளவு மருந்து ஒரே புட்டியில் இருந்தது. அதில் பதனப்பொருள் எதுவும் இல்லை. முதலில் பயன்படுத்தியபோது உள்ளே புகுந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி, சில நாள் கழித்து மீண்டும் அதே புட்டியிலிருந்து மருந்து எடுத்தபோது பெருகியிருந்தது. பலமுறை திறக்கப்படும் மருந்துப் புட்டியில் கிருமியை அடக்கும் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற விதியின் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து ஒன்றால் சூடோமோனாஸ் கிருமி பரவி, சிலர் பார்வையை இழந்தார்கள், நால்வர் உயிரிழந்தார்கள். அந்த மருந்து தயாரானது தமிழ்நாட்டில். பலமுறை திறந்து மூடும் போத்தலில் போதிய பதனப்பொருள் இல்லாமல் அது விற்கப்பட்டதையும் அமெரிக்க அதிகாரிகள் குறைகளுள் ஒன்றாகச் சுட்டினார்கள். ‘பதனப்பொருள் அற்றது’ என்பதே அந்தப் போத்தலின் பெருமையாக இருந்தது.

கிருமி வளரத் தண்ணீர் வேண்டும். ஆகவே உலர்ந்த மாத்திரைகளிலும் காப்சூல்களிலும் பதனப்பொருளுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. சிரப், சொட்டு மருந்து, களிம்பு, பலமுறை எடுக்கும் ஊசி மருந்து ஆகியவற்றில்தான் அது தேவை. கெட்டியான சர்க்கரைப் பாகில் செய்த பழைய வகை சிரப், சர்க்கரையின் வலிமையாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். ஊறுகாய்ச் சாடியில் உப்பும் எண்ணெயும் செய்கிற வேலை அது. ஈரக் கரண்டி போட்ட ஊறுகாயில் பூஞ்சணம் பூப்பதைப் போலவே, தண்ணீர் கலந்த சிரப்பிலும் காவல் உடைந்துவிடுகிறது. சர்க்கரை சேர்க்காத சிரப்பில் அந்தக் காவலே இல்லாததால் அதற்குப் பதனப்பொருளை நம்பியே ஆக வேண்டும். ‘சர்க்கரையும் இருக்கக் கூடாது, பதனப்பொருளும் இருக்கக் கூடாது, போத்தல் ஒரு மாதம் கெடாமலும் இருக்க வேண்டும்’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

லேபிளைப் படிக்கும் முறை

மலேசியாவில் பதிவு பெற்ற எந்த மருந்தின் பெட்டியிலும் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கி, எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவெண் இருக்கும். இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து, மருந்தின் வகையைச் சொல்லும்: ‘ஏ’ என்றால் மருத்துவரோ மருந்தாளரோ மட்டும் வழங்கக்கூடிய கட்டுப்பாட்டு மருந்து, ‘எக்ஸ்’ என்றால் கடையில் வாங்கக்கூடியது, ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் சத்துணவுத் துணைப்பொருள். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி இந்தப் பதிவு நடக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால், பொருளின் பெயரும் தயாரிப்பாளரும் வரும். பெட்டியில் உள்ள பெயரும் திரையில் வரும் பெயரும் வேறாக இருந்தால் அதற்கு மேல் எதையும் படிக்க வேண்டியதில்லை, வைத்துவிடலாம்.

அடுத்துப் பதனப்பொருள் வரியைத் தேட வேண்டும். மலாயில் ‘பஹான் பெங்காவெட்’ என்றோ ஆங்கிலத்தில் ‘பிரிசர்வேட்டிவ்’ என்றோ பொடி எழுத்தில், பெரும்பாலும் மருந்தின் அளவைச் சொல்லும் வரிக்குக் கீழே, அது இருக்கும். பதனப்பொருளின் பெயரையும் அளவையும், ஆல்கஹால் இருந்தால் அதையும் லேபிளில் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டுப் பதிவு வழிகாட்டியின் விதி. சிரப்களில் பெரும்பாலும் காணக்கூடிய பெயர்கள் சோடியம் பென்சோயேட், மெத்தில் பாராபென், புரொப்பில் பாராபென் ஆகியவை. விழுக்காட்டில் எழுதியிருந்தால் அதை மில்லிகிராமாக மாற்றிக்கொள்வது எளிது: 0.1 விழுக்காடு என்றால் 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 கிலோ எடையுள்ள பிள்ளை, காய்ச்சல் சிரப்பை நாளுக்கு நான்கு வேளை 5 மில்லிலிட்டர் வீதம், மொத்தம் 20 மில்லிலிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சோடியம் பென்சோயேட் 0.2 விழுக்காடு இருந்தால், நாளுக்கு 40 மில்லிகிராம் உள்ளே போகிறது. வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று பென்சோயேட் வகைக்கு நெடுங்காலம் வகுத்திருந்த அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மில்லிகிராம். 14 கிலோ பிள்ளைக்கு 70 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்த நிபுணர் குழு 2021இல் அந்த அளவைக் கிலோவுக்கு 20 மில்லிகிராமாக உயர்த்தியது. ஐரோப்பியர்கள் பழைய 5 மில்லிகிராமிலேயே நிற்கிறார்கள். கடுமையான அளவை எடுத்துக்கொண்டாலும் பிள்ளை எல்லைக்குள்தான் இருக்கிறது, அதுவும் சில நாள்களுக்கு மட்டும். பாராபென்னுக்கும் இதே கணக்கைப் போடலாம். 0.18 விழுக்காடு மெத்தில் பாராபென் உள்ள சிரப்பை அதே பிள்ளை 20 மில்லிலிட்டர் குடித்தால் 36 மில்லிகிராம் வரும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற எல்லையின்படி அந்தப் பிள்ளைக்கு 140 மில்லிகிராம் வரை போகலாம். ஹார்மோனைப் போலச் சிறிது செயல்படக்கூடியது என்பதால் புரொப்பில் பாராபென்னுக்கு மட்டும் ஐரோப்பிய மருந்து முகமை கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லையை வைத்தது. அது சிரப்பில் மெத்தில் பாராபென்னைவிட மிகக் குறைவாகவே சேர்க்கப்படுகிறது.

இருமல், சளி, காய்ச்சல், வயிற்றுவலி என நான்கு போத்தல்களை ஒரே நேரத்தில் பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகளில் இந்தக் கணக்கைக் கூட்டிப் போட வேண்டும். அப்படிக் கூட்டிப் பார்த்தவர்கள் பலர் பதனப்பொருளைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, இத்தனை மருந்து தேவைதானா என்று கேட்கத் தொடங்குவார்கள். கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

ஒரு சங்கடம் இங்கே உண்டு. நம் ஊர்த் தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் கொடுப்பதால், பெரிய கேனிலிருந்து சிறு போத்தலில் ஊற்றி, வெறுமனே ‘சளி மருந்து’ என்று எழுதித் தரும் பழக்கம் சில இடங்களில் இருந்து வந்திருக்கிறது. என் தங்கை மகளுக்கு ஒருமுறை அப்படித் தந்த மஞ்சள் சிரப்பைக் குடித்த இரவில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மருத்துவமனையில் ‘என்ன மருந்து?’ என்று கேட்டபோது, ‘மஞ்சள் மருந்து’ என்பதற்கு மேல் எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. மருந்தா, நிறமியா, பதனப்பொருளா, எது காரணம் என்று இன்றுவரை தெரியாது. ஆகவே மருந்தை வாங்கும்போதே அதன் பெயரையும் வலிமையையும் லேபிளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிந்தால் மூலப் போத்தலின் லேபிளைக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது ஆகாது

எல்லாரிலும் அதிகக் கவனம் தேவைப்படுபவை பச்சைக் குழந்தைகள், அதிலும் குறைமாதத்தில் பிறந்தவை. 1982இல் அமெரிக்காவில், குறைமாதக் குழந்தைகளின் இரத்த நாளத்தில் செருகிய குழாயைக் கழுவ 0.9 விழுக்காடு பென்சைல் ஆல்கஹால் கலந்த உப்புநீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், மூச்சுத் திணறி, உடலில் அமிலம் மிகுந்து, குழந்தைகள் இறந்தது தெரியவந்தது. பெரியவர்களின் கல்லீரல் பென்சைல் ஆல்கஹாலைப் பென்சாயிக் அமிலமாக்கி, அதனுடன் கிளைசினைச் சேர்த்துச் சிறுநீரில் கழித்துவிடும். குறைமாதக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தக் கடைசி வேலை இன்னும் பிடிபடவில்லை, அமிலம் தேங்கிவிடுகிறது. பெரியவருக்குத் தீங்கற்ற அளவே அந்தக் குழந்தைக்கு நஞ்சானது. பென்சைல் ஆல்கஹால் உள்ள மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டும், பிறந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கையை நம் நாட்டில் லேபிளில் அச்சிட வேண்டும்.

பென்சோயேட்டிலும் பிறந்த குழந்தைக்கு வேறொரு தொல்லை உண்டு. மஞ்சள் காமாலையில் இரத்தத்தில் கூடும் பிலிருபின், அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு இருக்கும்வரை மூளைக்குள் போவதில்லை. பென்சோயேட் அந்த இடத்தைத் தட்டிப் பறிக்கக்கூடும். நம் வீடுகளில் பிறந்த முதல் மாதமே கிரைப் வாட்டர் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. கிரைப் வாட்டர் வகைகளிலும் பதனப்பொருள் இருக்கிறது. குழந்தை மஞ்சளாக இருக்கும் நாள்களில் கிளினிக்கில் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஆஸ்துமா உள்ளவர்கள் தேட வேண்டிய பெயர் சோடியம் மெட்டாபைசல்பைட். தோட்டத்து ரப்பர்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த குடும்பம். வெளிர்நிறக் கிரேப் ரப்பர் கறுத்துவிடாமல் இருக்க இதன் உறவுக்கார உப்பான பைசல்பைட்டைத்தான் பாலில் கலந்தார்கள். மருந்திலும் அது காற்றுபட்டுக் கெடுவதைத் தடுக்கவே சேர்க்கப்படுகிறது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். பல் பிடுங்குவதற்கு முன் போடும், அட்ரினலின் கலந்த மரப்பு ஊசியிலும் அது இருக்கும். முன்பு அப்படி ஏதும் நேர்ந்திருந்தால் பல் மருத்துவரிடம் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஆனால் கடும் ஒவ்வாமையில் உயிரைக் காக்கப் போடும் அட்ரினலின் ஊசியை, அதில் சல்பைட் இருக்கிறது என்பதற்காக மறுக்கவே கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘எனக்கு சல்ஃபா ஆகாது’ என்று சொல்பவர்கள் பலர் சல்பைட்டையும் சல்பேட்டையும் சேர்த்தே பயப்படுகிறார்கள். சல்ஃபா என்பது ஒரு நுண்ணுயிர்க்கொல்லிக் குடும்பம். பெயரில் ஒலி ஒத்திருப்பதைத் தவிர மற்ற இரண்டுக்கும் அதனுடன் ஒவ்வாமை உறவில்லை.

கண் சொட்டு மருந்துகளில் மிகுதியாக இருப்பது பென்சல்கோனியம் குளோரைடு. இது சோப்பைப் போல் வேலை செய்யும் பொருள். கிருமியின் மேலுறையை உடைக்கிறது. அதே தன்மையால் கண்ணீரின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தையும் கலைக்கிறது, விழிவெண்படலத்தின் மேல்தோலையும் உறுத்துகிறது. ஒரு வாரம் கண்வலிக்கு விடுபவருக்கு இது பொருட்டல்ல. கண் அழுத்த நோய்க்கு ஆண்டுக்கணக்கில் தினமும் இரண்டு மூன்று சொட்டு மருந்துகளை விடுபவருக்கு அது கூடிக்கொண்டே போகும்; கண் காய்ந்து, மணல் விழுந்தாற்போல் எரியும். அப்படி எரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஏனெனில் கண் அழுத்தம் வலியின்றியே நரம்பைத் தின்றுவிடும். பதனப்பொருள் இல்லாத வகை உண்டா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். விலை கூடுதலாக இருக்கும். ஒரு முறைக்கான சிறு பிளாஸ்டிக் குழாய்களில் வரும் வகையைத் திறந்த பிறகு மீதியை மூடி வைத்து மறுநாள் விடுவது சிக்கனமல்ல. அதில் காவலுக்கு எதுவும் இல்லை. மென்மையான காண்டாக்ட் லென்ஸ் பென்சல்கோனியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்தை விட்டு, 15 நிமிடம் கழித்தே மீண்டும் போட வேண்டும்.

தடுப்பூசியில் பாதரசம் என்ற பேச்சு அடிக்கடி வருவதால் அதையும் சொல்ல வேண்டும். தையோமெர்சல் என்ற பதனப்பொருள் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். உடலில் அது எத்தில் பாதரசமாகப் பிரிகிறது. மீனில் சேரும் மெத்தில் பாதரசத்தைவிட எத்தில் பாதரசம் மிக விரைவாக உடலை விட்டு வெளியேறுகிறது. பலமுறை ஆராய்ந்தும் தடுப்பூசியில் உள்ள அளவால் தீங்கு என்பதற்குச் சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையே தையோமெர்சல் உள்ள தடுப்பூசிகளைத் தடையிலிருந்து விலக்கி வைத்தது. ஒரே குழந்தைக்கு ஒரே முறை போடும் ஒற்றை டோஸ் ஊசிக்கு இந்தப் பொருளே தேவையில்லை. தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பு மருந்தில் அதைச் சேர்க்கவும் முடியாது, சேர்த்தால் மருந்தே செத்துவிடும். அதனால்தான் கரைத்த புட்டியை 6 மணி நேரத்துக்குள் அல்லது அன்றைய அமர்வு முடிந்ததும் எறிந்துவிட வேண்டும் என்ற கண்டிப்பு.

2022இல் இந்தோனேசியாவில் இருமல், காய்ச்சல் சிரப்களால் சிறுநீரகம் கெட்டு 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததைப் பதனப்பொருளின் தலையில் கட்டுபவர்களும் உண்டு. அது பதனப்பொருளால் நேர்ந்ததன்று. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்காலின் பெயரில், தொழிற்சாலைக் கரைப்பான்களான டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் கலந்துவிட்டதால் நேர்ந்த கொடுமை. நிறத்தாலோ சுவையாலோ வீட்டில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பதிவெண் உள்ளதைப் பதிவுள்ள கடையில் வாங்குவது ஒன்றே நம் கையில் உள்ள காப்பு.

திறந்த பிறகு

பதனப்பொருளைச் சோதிக்கும் முறையை அறிந்தால் நாள் கணக்கின் பொருள் புரியும். ஆய்வுக்கூடத்தில் மருந்துக்குள் வேண்டுமென்றே கிருமிகளையும் பூஞ்சையையும் விட்டு, 28 நாள்கள் வரை அவை எவ்வளவு குறைகின்றன என்று எண்ணிப் பார்க்கிறார்கள். நம் சமையலறையில் தினமும் புதுக் கிருமி விழுகிறது, வெயில் அடிக்கிறது, மூடி சரியாக மூடப்படுவதில்லை. கண் சொட்டு மருந்தைத் திறந்த 4 வாரத்தில் எறிந்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி; லேபிளில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே விதி. பெட்டியில் உள்ள ‘தாரிக் லுப்புட்’, அதாவது காலாவதித் தேதி, திறக்காத போத்தலுக்கு உரியது. திறந்த மறு நிமிடத்திலிருந்து வேறு கணக்கு ஓடுகிறது.

ஆகவே மூடியைத் திருகும் அதே கையால் தேதியை எழுதுங்கள். பந்துமுனைப் பேனா பிளாஸ்டிக்கில் வழுக்கும்; ஒரு சிறு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் ‘திறந்தது 3/6, எறிவது 1/7’ என்று எழுதுவது நான் கண்ட எளிய வழி. ‘திறந்தது’ மட்டும் எழுதினால் போதாது. யாரும் கணக்குப் போடுவதில்லை.

சொட்டு மருந்தின் முனை இமையிலோ விரலிலோ பட்டால், அங்கிருந்த கிருமி உள்ளே உறிஞ்சப்படும். சிரப்பை வாய் வைத்துக் குடிக்க விடாதீர்கள். ஊசியில்லாச் சிரிஞ்சால் எடுக்கும்போது, பிள்ளையின் வாயில் வைத்த சிரிஞ்சைக் கழுவாமல் மீண்டும் போத்தலுக்குள் விடாதீர்கள். சிந்திய அல்லது குடிக்காமல் விட்ட மருந்தைத் திரும்ப ஊற்றுவது, காவலை மீறிப் பகைவனை உள்ளே அழைப்பதற்குச் சமம். ‘கசக்கிறது’ என்று போத்தலிலேயே தண்ணீர் ஊற்றிக் குலுக்குபவர்களும் உண்டு. பதனப்பொருளும் சர்க்கரையும் நீர்த்துப் போய், மருந்தின் அளவும் தவறிவிடும். தண்ணீர் வேண்டுமானால் கோப்பையில் ஊற்றிய அந்த வேளை மருந்தில் மட்டும் சேருங்கள். களிம்புச் சிமிழுக்குள் விரலை விடாமல், கழுவி உலர்த்திய சிறு கரண்டியின் பின்புறத்தால் எடுங்கள்.

கிளினிக்கில் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தரும் அமோக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பொடிகளின் கதை வேறு. அவற்றில் பதனப்பொருள் இருந்தாலும், தண்ணீர் பட்டதும் மருந்தே மெல்லச் சிதையத் தொடங்குகிறது. பதனப்பொருள் கிருமியைத்தான் தடுக்கும், அந்தச் சிதைவைத் தடுக்காது. லேபிளில் உள்ளபடி 7 அல்லது 14 நாளில் மீதியைக் கொட்டியே ஆக வேண்டும். அடுத்த காய்ச்சலுக்கு என்று ஃபிரிட்ஜின் கதவில் வைப்பது வீண்.

இன்சுலின் போடுபவர்கள் புட்டியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தும்போது ஒரு மணம் எழும், பழைய ஆஸ்பத்திரித் தரையைக் கழுவிய மணம். அது மெட்டாகிரெசோல், கெட்டுப்போன நாற்றம் அன்று. கிருமியைத் தடுப்பதோடு இன்சுலின் மூலக்கூறுகள் சிதறாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலை. திறக்காததை 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டும், ஐஸ் பெட்டியோரம் வைத்து உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ளதைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம் வைக்கலாம்; சில வகைகளுக்கு நாள் கணக்கு மாறும் என்பதால் உங்கள் பெட்டியைப் பாருங்கள். தகரக் கூரை போட்ட வீட்டில் பிற்பகலில் அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மண்பானைக்குள் வைக்கும் பழைய யோசனை வறண்ட ஊரில் நன்றாகப் பலிக்கும்; நம் ஈரக் காற்றில் தண்ணீர் மெதுவாகவே ஆவியாவதால் பானை அவ்வளவாகக் குளிராது. வீட்டின் கீழ்த்தட்டில், சன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம், அடுப்புக்குத் தொலைவில் ஓரிடத்தைத் தேர்ந்து ஒரு வெப்பமானியை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ காரின் முன்தட்டிலோ மருந்தை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். இன்சுலின் பேனாவை, ஊசிமுனையை மாற்றினாலும், கணவனும் மனைவியும்கூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. இரத்தத்தின் வழியே பரவும் வைரஸைக் கொல்லும் அளவு வலிமை அந்தப் பதனப்பொருளுக்கு இல்லை.

மருந்து கலங்கினாலோ, நூல் போல மிதந்தாலோ, மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று வந்தாலோ உடனே ஒதுக்கிவிடுங்கள். ஆனால் தெளிவாக இருப்பதால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். எழுதிய தேதியே பெரிய சாட்சி.

பாசார் மாலாமில் விற்பவை

நெரிசல் மிக்க இரவுச் சந்தையில், ‘முழுக்க இயற்கை, ஒரு கெமிக்கலும் இல்லை’ என்று கூவி விற்கும் நீர்த்த மருந்துகளைப் பற்றி நான் சொல்வது கடுமையாக இருக்கலாம். லேகியத்தில் வெல்லமும் நெய்யும் காவல் காக்கின்றன, அரிஷ்டத்தில் புளிப்பால் தானே உண்டாகும் ஆல்கஹால் காக்கிறது. அவை நம் முன்னோர் கண்ட பதனம், அறிந்து செய்தவை. அரிஷ்டத்தில் ஆல்கஹால் இருப்பதால் பிள்ளைக்கும் கல்லீரல் நோயாளிக்கும் கொடுக்குமுன் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவற்றின் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் இனிப்பும் இல்லாமல், ஆல்கஹாலும் இல்லாமல், பதனப்பொருளும் இல்லாமல் வெயிலில் ஒரு மாதம் நிற்கும் நீர்மருந்து எப்படிக் கெடாமல் நிற்கிறது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்று அது கெட்டிருக்கிறது, அல்லது சொல்லாத ஏதோ உள்ளே இருக்கிறது. பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டறிந்து அறிவித்திருக்கிறது.

தடிப்போ மூச்சிரைப்போ வந்தால்

புது மருந்தைத் தொடங்கிய சில மணி நேரத்தில் உடம்பு தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சிரைத்தாலோ மருத்துவமனைக்குப் போகும்போது போத்தலையும் பெட்டியையும் பெட்டிக்குள் இருந்த தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். குணமான பிறகு மருந்தாளரிடம், ‘காரணம் மருந்தா, அதில் சேர்ந்த வேறு பொருளா?’ என்று தனியாகக் கேளுங்கள், ஏனெனில் பதனப்பொருள்தான் காரணம் என்றால் அதே மருந்தை, அந்தப் பதனப்பொருள் இல்லாத வேறு தயாரிப்பில் தயங்காமல் எடுக்கலாம். அதை அறியாமல் ‘பாராசிட்டமால் ஆகாது’ என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறுதியானால் ஒவ்வாமை அட்டையில் அந்தப் பொருளின் பெயரையே எழுதச் சொல்லி, அதை அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் தாமே பக்கவிளைவை அறிவிப்பதற்கென்று கான்செர்ஃப் என்ற படிவம் என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் இருக்கிறது. எழுதத் தயங்குபவருக்கு அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில் உதவுவார்கள்.

தேதி முடிந்த போத்தல்களைச் சாக்கடையிலோ செம்பனைக் காட்டோரத்துக் கால்வாயிலோ ஊற்றாமல், ஒரு பையில் சேர்த்து அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக்கின் மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். மாதாந்திர மருந்து வாங்கப் போகிற அதே நாளில் கொண்டு போனால் தனிப் பயணம் தேவைப்படாது. தீபாவளிக்குத் திறந்த அந்தச் சொட்டு மருந்தை நான் அப்படித்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்; புதுப் போத்தலில் அந்த அம்மாவின் கண் முன்னாலேயே பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அவர் பேரப்பிள்ளையின் சிரப்பிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, எழுத்து மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து.